குளிர்காலம் முழுவதும் நிறுத்தி வைத்த மோட்டார்ஹோமை வீட்டு மின்சாரத்தில் இணைக்கும் முன் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

பிராம்ப்டன்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சென்ற செப்டம்பரில், ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கினேன். ஃபோர்டு ஈ-450 வண்டியின் மேல் கட்டப்பட்ட கிளாஸ் சி வகை; 2009ஆம் ஆண்டுத் தயாரிப்பு; 30 ஆம்பியர் இணைப்பு. வாங்கிய கையோடு ஒரு வார இறுதி முகாம் தளத்தில் தங்கினோம். அங்கிருந்த 30 ஆம்பியர் கம்பத்தில் இணைத்தபோது எல்லாம் ஒழுங்காகவே வேலை செய்தன. அக்டோபர் இறுதியில் தண்ணீரை முழுவதும் வடித்து, குழாய்களில் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் ஏற்றி, பேட்டரித் துண்டிப்பு சுவிட்சை அணைத்து, மின் இணைப்பு இல்லாத ஒரு வாடகை நிறுத்துமிடத்தில் விட்டிருந்தேன். பனி உருகிய பிறகு இப்போதுதான் ஒன்டாரியோவில் உள்ள எங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

ஜூலையில் பயணம் புறப்படுகிறோம். அதுவரை வண்டியை வீட்டு மின்சாரத்தில் இணைத்து வைக்கலாம் என்று எண்ணுகிறேன். கராஜின் வெளிச்சுவரில் 15 ஆம்பியர் ஜி.எஃப்.சி.ஐ. (மின்கசிவு ஏற்பட்டதும் தானே துண்டித்துக்கொள்ளும்) பிளக் பாயிண்ட் ஒன்று இருக்கிறது; வண்டி அதிலிருந்து ஏறத்தாழ 40 அடி தள்ளி நிற்கிறது. 30 ஆம்பியர் பிளக்கை 15 ஆம்பியருக்கு மாற்றும் அடாப்டரும் கைவசம் உண்டு. அரை ஆண்டுக்காலம் அசையாமல் நின்ற வண்டியில், பிளக்கைச் செருகும் முன் நான் என்னென்ன பார்க்க வேண்டும்? மூன்று மாதங்கள் தொடர்ந்து இணைத்தே வைத்திருந்தால் கெடுதல் உண்டா?

இன்னொன்றும் இருக்கிறது. மின்வேலை தெரிந்த ஒருவர், கராஜில் 30 ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஒன்றைப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் போடுவதைப் போலவே 240 வோல்ட் இழுத்துவிட்டால் போதும் என்பது அவர் கருத்து. அது சரிதானா?

என் மகளுக்கு வண்டியின் பின்புற ஏணியைப் பிடித்து ஏறுவது வழக்கம். வாசல் எப்போதும் ஈரமாகவே கிடக்கிறது. அதனால் செலவைக் காட்டிலும் பாதுகாப்பைப் பற்றியே முதன்மையாகக் கேட்கிறேன்.

ஏரிக்கரைப்பயணி, மிச்சிகன்

வணக்கம். ஆம்பியர் பற்றிய ஐயத்துக்கு விடை எளிது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். நிறுத்தியிருக்கும் வண்டிக்கு 15 ஆம்பியர் தாராளமாகப் போதும். 120 வோல்ட்டில் 15 ஆம்பியர் என்பது 1,800 வாட். மணிக்கணக்கில் தொடரும் சுமையை அதில் 80 விழுக்காட்டுக்குள், அதாவது 1,440 வாட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். பேட்டரி ஏற்றும் கன்வர்ட்டர், ஃபிரிட்ஜ், சில விளக்குகள் ஆகியவை அதற்குள் அடங்கிவிடும். கூரை ஏ.சி.யை மட்டும் போடாதீர்கள். 13,500 பி.டி.யூ. ஏ.சி. ஒன்றே அந்த வரம்பு முழுவதையும் எடுத்துக்கொள்ளும். நீண்ட வயரில் வோல்ட்டேஜ் இறங்கினால் முதலில் அடிபடுவது அதன் கம்ப்ரஸர்தான்.

என் கவலையெல்லாம் எர்த் பற்றியது. மோட்டார்ஹோம் ரப்பர் டயர்களின் மேல் நிற்கிறது. அதன் உலோகப் பகுதிகளை வீட்டின் எர்த்துடன் பிணைத்து வைத்திருப்பது வயருக்குள் வரும் எர்த் கம்பி ஒன்றுதான். பழைய அடாப்டருக்குள்ளோ, ஒடிந்த எர்த் பின்னிலோ, அந்தக் கம்பி ஓரிடத்தில் விட்டுப்போனாலும் வண்டி வழக்கம்போலவே இயங்கும். விளக்கு எரியும், பேட்டரி ஏறும், உள்ளே இருப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் ஏதேனும் ஒரு சாதனத்தில் கசிவு இருந்துவிட்டால், கதவுக் கைப்பிடி, படிக்கட்டு, ஏணி என்று தொடுகிற உலோகமெல்லாம் மின்னேறியிருக்கும்; ஈரத் தரையில் நின்று முதலில் தொடுபவரின் உடல் வழியாகத்தான் அது மண்ணுக்கு இறங்கும். அதனால் ஏணியைப் பற்றி நீங்கள் கேட்டது மிகவும் பொருத்தமான கேள்வி. 15 ஆம்பியர் பிரேக்கர் இதைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம். பிரேக்கர் காப்பாற்றுவது வயரை. ஆளைக் காப்பாற்றுவது, ஏறத்தாழ 5 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ.

வேலையை வண்டியிலிருந்து தொடங்காமல் சுவரிலிருந்து தொடங்குங்கள். ஜி.எஃப்.சி.ஐ.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நிற்கிறதா, ரீசெட் அழுத்தினால் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். பிறகு மூன்று விளக்குகள் கொண்ட சோதனைப் பிளக்கைச் செருகுங்கள். எர்த் இல்லாததையும் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பதையும் அது காட்டிவிடும். அதற்கும் ஓர் எல்லை உண்டு: பழைய வீடுகளில், எர்த் கம்பியே இல்லாத பாயிண்டில் எர்த் முனையை நியூட்ரலோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அங்கே ஃபேஸும் இடம் மாறியிருந்தால், எர்த் துளையிலேயே 120 வோல்ட் நிற்கும்; அப்போதும் அந்தச் சோதனைப் பிளக் 'எல்லாம் சரி' என்றே காட்டும். ஆகவே தொடாமலே மின்சாரத்தைக் காட்டும் டெஸ்டர் ஒன்றை எர்த் துளைக்கு அருகிலும், மூடித்தகட்டின் திருகுக்கு அருகிலும் கொண்டுசெல்லுங்கள். அது ஒலித்தால் அந்தப் பாயிண்டைப் பயன்படுத்தாதீர்கள்.

அடுத்தது எக்ஸ்டென்ஷன் வயர். தோட்டத்து வேலைக்கென்று விற்கும் மெல்லிய ஆரஞ்சு வயர் இதற்கு உதவாது. 50 அடி நீளமுள்ள 16 கேஜ் (இந்த எண் குறையக் குறையக் கம்பி தடிமனாகும்) வயரில் 12 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 5 வோல்ட் வயரிலேயே இழக்கப்படும்; அந்த 58 வாட் வெப்பமாக மாறும். அதே நீளத்துக்கு 12 கேஜ் என்றால் இழப்பு 2 வோல்ட்டுக்குள் நின்றுவிடும். ஆகவே வெளிப்புறப் பயன்பாட்டுக்கான 12 கேஜ் வயரையே வாங்குங்கள், முடிந்தால் 10. சுருளாக வைக்காமல் முழுவதும் விரித்துப் போடுங்கள். சுவரில் செய்த சோதனைகளை இந்த வயரின் மறுமுனையிலும் செய்யுங்கள். பிறகு அடாப்டரைக் கோத்து, வயரின் மூன்று பின் பிளக்கிலிருந்து அடாப்டரின் 30 ஆம்பியர் முகம் வரை எர்த் தொடர்ச்சி இருக்கிறதா என்று, எதனோடும் இணைக்காத நிலையில், மல்டிமீட்டரால் பாருங்கள். விலை மலிவான அடாப்டர்களில் எர்த் கம்பி உள்ளுக்குள் கழன்றுகிடப்பது அரிதல்ல.

இப்போது வண்டி. ஷோர் கேபிள், அதாவது வண்டியை வெளி மின்சாரத்தோடு இணைக்கும் கேபிள், சுருட்டி வைக்கும் பெட்டியைத் திறந்து, கேபிளை முழுவதும் வெளியே இழுங்கள். எலிகள் குளிர்காலத்தில் கூடு கட்ட விரும்பும் இடம் அது. பஞ்சும் எச்சமும் தெரிந்தால் கேபிளின் தோலை விரலால் தடவிக்கொண்டே கடைசி வரை பாருங்கள். 30 ஆம்பியர் பிளக்கைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நல்ல பின் மங்கிய பித்தளை நிறத்தில் இருக்கும். ஒரு பின் மட்டும் பழுப்போ கறுப்போ ஏறி, அதைச் சுற்றியுள்ள ரப்பர் உருகிக் குழிந்திருந்தால், முன்பு எங்கோ தளர்ந்த சாக்கெட்டில் அது சூடேறியிருக்கிறது என்று பொருள். அரத்தால் தேய்த்துப் பயன்படுத்தாமல் பிளக்கையே மாற்றிவிடுங்கள். உங்கள் வகை வண்டிகள் பலவற்றில், ஜெனரேட்டரைப் பயன்படுத்தும்போது ஷோர் கேபிளை அதே பெட்டிக்குள் இருக்கும் ஒரு சாக்கெட்டில் செருகி வைப்பார்கள். அந்தச் சாக்கெட்டையும் பாருங்கள்.

உள்ளே போய், மின்பலகையின் பிரேக்கர்கள் அனைத்தையும் அணையுங்கள். வாட்டர் ஹீட்டரின் மின்சார சுவிட்சை அணைப்பதை எக்காரணம் கொண்டும் மறக்க வேண்டாம். உங்கள் தொட்டி இப்போது காலி. தண்ணீர் இல்லாத தொட்டியில் மின்சாரம் பாய்ந்தால் ஹீட்டரின் எலிமெண்ட் சில நொடிகளிலேயே எரிந்துபோகக்கூடும். சில ஹீட்டர்களுக்கு உள்ளே ஒரு சுவிட்ச், வண்டியின் வெளிப்புறக் கதவுக்குப் பின்னால் இன்னொரு சிறு சுவிட்ச் என்று இரண்டு இருக்கும். இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

செருகும்போது டெஸ்ட் பொத்தானை அழுத்தி ஜி.எஃப்.சி.ஐ.யை அணைத்துவிட்டு, எல்லா இணைப்புகளையும் கோத்த பிறகு ரீசெட் அழுத்துங்கள். உடனே வண்டியைத் தொட வேண்டாம். முதலில் தொடாமல் காட்டும் டெஸ்டரைச் சக்கர நட்டு, படிக்கட்டு, ஏணி ஆகியவற்றின் அருகே நீட்டிப் பாருங்கள். அது அமைதியாக இருந்தால், மல்டிமீட்டரின் ஒரு முனையை ஈர மண்ணில் ஊன்றிய கம்பியிலும் மறுமுனையை வண்டியின் வெற்று உலோகத்திலும் வைத்து மாறுதிசை மின்சார (ஏ.சி.) வோல்ட்டேஜை அளவிடுங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால், வண்டியைத் தொடாமல் சுவரில் பிளக்கை எடுத்துவிட வேண்டும். எல்லாம் சரி என்றால் உள்ளே பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஒவ்வொன்றைப் போட்ட பிறகும் வெளியே வந்து அந்த டெஸ்டர் சோதனையை மீண்டும் செய்யுங்கள்.

பனிச்சாலை, கல்கரி

மேலே சொன்னவை அனைத்தோடும் உடன்படுகிறேன். ஆனால் மூன்று மாதங்கள் தொடர்ந்து இணைத்து வைக்க வேண்டும் என்ற தேவையே இல்லை என்பது என் கருத்து. சிறு பிள்ளை நடமாடும் வாசலில் தேவையில்லாத நாள்களிலெல்லாம் ஏன் மின்சாரம் ஓட வேண்டும்?

வண்டி நிற்கும்போது மின்சாரம் உண்மையில் தேவைப்படுவது பேட்டரிகளுக்கு மட்டுமே. அவற்றையும் ஏற்றும் முன் கண்ணால் பாருங்கள். முழுவதும் ஏறிய ஈய அமில பேட்டரி, மைனஸ் 50 டிகிரி செல்சியஸிலும் உறைவதில்லை. இறங்கிப்போன பேட்டரியோ மைனஸ் 7 டிகிரி அளவிலேயே உறையத் தொடங்கிவிடும். உங்கள் ஊரில் ஜனவரி எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கங்கள் புடைத்திருந்தாலோ, உறை விரிசல் விட்டிருந்தாலோ, அதை ஏற்றவே கூடாது. உறைந்த பேட்டரிக்குள் மின்சாரம் செலுத்தினால் அது வெடிக்கக்கூடும். புடைப்பு இல்லையென்றால், துண்டிப்பு சுவிட்ச் அணைந்த நிலையிலேயே மல்டிமீட்டரால் அளவிடுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 ஏறத்தாழ பாதி. 12க்குக் கீழே போயிருந்தால் அது ஏற்கெனவே சேதப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. சுவிட்சை அணைத்திருந்தாலும் சில வண்டிகளில் எரிவாயுக் கசிவு எச்சரிப்பான் பேட்டரியோடு நேரடியாக இணைந்து, மெல்ல மெல்ல அதை உறிஞ்சிக்கொண்டிருக்கும் என்பதால் இந்த அளவீடு அவசியம்.

நீர் ஊற்றும் வகை பேட்டரி என்றால் மூடிகளைத் திறந்து பாருங்கள். தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, முழுவதும் ஏற்றிய பிறகு மீதியை நிரப்புங்கள். முதலிலேயே விளிம்பு வரை ஊற்றினால், ஏறும்போது அமிலம் பொங்கி வழிந்து தட்டையும் டெர்மினல்களையும் அரித்துவிடும்.

தொடர்ந்து இணைத்து வைப்பதில் நான் கண்ட கெடுதலும் இதே நீரைப் பற்றியதுதான். பேட்டரி நிறைந்ததும் வோல்ட்டேஜைத் தானே குறைத்துக்கொள்ளும் கன்வர்ட்டர்கள் இருக்கின்றன, அவை 13.2 வோல்ட் அளவில் நிறுத்திப் பராமரிக்கும். ஆனால் பழைய வண்டிகள் சிலவற்றில் எந்நேரமும் 13.8 வோல்ட் அளவில் தள்ளிக்கொண்டே இருக்கும் கன்வர்ட்டர்கள் உண்டு. அப்படிப்பட்டதில் மாதக்கணக்கில் விட்டால், நீர் வற்றித் தகடுகள் காய்ந்துபோகும். பேட்டரி நிறைந்து ஒரு நாள் கழித்து டெர்மினலில் அளந்து பார்த்தால் உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துவிடும்.

நான் பின்பற்றும் முறை இது: முழுவதும் ஏற்றி, இணைப்பை எடுத்து, துண்டிப்பு சுவிட்சை அணைத்துவிடுவேன். மாதம் ஒருமுறை அளந்து பார்த்து, தேவைப்பட்டால் வீட்டில் ஆள் இருக்கும் ஒரு பகலில் மறுபடியும் ஏற்றுவேன். என்ஜினைக் கிளப்பும் பேட்டரி தனி என்பதையும் மறக்க வேண்டாம். பெரும்பாலான கிளாஸ் சி வண்டிகளில் வீட்டுப் பகுதியின் கன்வர்ட்டர் அதை ஏற்றுவதே இல்லை.

செம்புக்கம்பி, டெக்சஸ்

நான் உரிமம் பெற்ற மின்பணியாளர். கேள்வியின் கடைசிப் பகுதிக்கு இன்னும் யாரும் விடை சொல்லாததால் எழுதுகிறேன். அந்த 240 வோல்ட் வேலையை நடக்க விடாதீர்கள். அவர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் சொல்வது முற்றிலும் தவறு.

உங்கள் வண்டியின் 30 ஆம்பியர் பிளக் டி.டி. 30 எனப்படும் வகை. சாய்ந்த இரண்டு தட்டைப் பின்கள், ஓர் எர்த் பின். அது 120 வோல்ட் மட்டுமே. அதாவது ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல், ஓர் எர்த். மின்பலகையில் ஒற்றை 30 ஆம்பியர் பிரேக்கர். 10 கேஜ் செம்புக் கம்பி. துணி உலர்த்திக்கும் 30 ஆம்பியர்தான், ஆனால் அது 240 வோல்ட், இரட்டைப் பிரேக்கர். வட அமெரிக்க வீடுகளில் 30 ஆம்பியர் என்றாலே பெரும்பாலும் 240 வோல்ட் என்பதால், மோட்டார்ஹோம் பக்கம் வேலை செய்து பழகாத அனுபவசாலிகள்கூடப் பழக்கத்தில் அப்படியே இழுத்துவிடுகிறார்கள். சாக்கெட்டும் பிளக்கும் சரியாகப் பொருந்திவிடும் என்பதால், செருகும் வரை எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. செருகிய சில நொடிகளில் கன்வர்ட்டர், மைக்ரோவேவ், ஃபிரிட்ஜின் மின்சுற்று அட்டை, தொலைக்காட்சி என்று 120 வோல்ட்டுக்கென்று செய்த அனைத்தும் இரு மடங்கு வோல்ட்டேஜில் கருகும். சேதம் சாதனங்களோடு நிற்காமல் தீயாகவும் மாறலாம்.

யார் போட்டுத் தந்த டி.டி. 30 பாயிண்டாக இருந்தாலும், வண்டியைச் செருகும் முன் நீங்களே மல்டிமீட்டரால் பாருங்கள். இரண்டு சாய்ந்த துளைகளுக்கு இடையே 120 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். ஒரு துளைக்கும் எர்த்துக்கும் இடையே அதே அளவும், மற்றொன்றுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ சுழியமும் இருக்க வேண்டும். எங்கேனும் 240 தென்பட்டால் அந்தப் பாயிண்டின் பிரேக்கரை அணைத்து, மேலே பட்டை ஒட்டிவிடுங்கள்.

ஒன்டாரியோவில் புதிதாக ஒரு மின்சுற்று போடுவதானால் மின்பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பணம் கொடுத்து வேலை வாங்குவதாக இருந்தால், உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரருக்குத்தான் கொடுக்க முடியும். இதை வெறும் சடங்காக எண்ண வேண்டாம். மேலே சொன்ன தவறை ஆய்வாளர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். பிற்காலத்தில் மின்கார் வாங்கும் எண்ணம் இருந்தால், நான்கு துளைகள் கொண்ட 14-50 வகைப் பாயிண்டைப் போடச் சொல்வதைப் பற்றியும் அவரிடம் கேளுங்கள். அது 240 வோல்ட் பாயிண்டுதான். ஆனால் 50 ஆம்பியரிலிருந்து 30 ஆம்பியருக்கு மாற்றும் முறையான அடாப்டர் அதன் இரு ஃபேஸ்களில் ஒன்றை மட்டும் எடுத்து, உங்கள் வண்டிக்கு 120 வோல்ட்டாகவே தரும்.

பயணத்துக்கும் சேர்த்துப் பணம் செலவிடும் எண்ணம் இருந்தால், வோல்ட்டேஜையும் எர்த்தையும் தொடர்ந்து கண்காணித்துத் துண்டிக்கும் 30 ஆம்பியர் காப்புக் கருவி ஒன்றை வாங்குங்கள். 104 வோல்ட்டுக்குக் கீழோ 132 வோல்ட்டுக்கு மேலோ போனால் அணைத்துவிடும் கருவிகள் கிடைக்கின்றன. எர்த் இல்லாத பாயிண்டில் அவை மின்சாரத்தை உள்ளேயே விடாது. மின்னல் வீச்சை மட்டும் தாங்கும் மலிவான கருவிகளும் ஏறக்குறைய அதே தோற்றத்தில் விற்கின்றன என்பதால், பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

பிராம்ப்டன்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 240 வோல்ட் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பேட்டரிகளில் புடைப்பு இல்லை, 12.5, 12.4 என்று காட்டுகின்றன. சுவரிலும் புதிய 12 கேஜ் வயரின் முனையிலும் எல்லாச் சோதனைகளும் சரியாக வந்தன; வோல்ட்டேஜ் 121. ஷோர் கேபிளில் எலி கடித்த தடயம் இல்லை, பின்களும் சுத்தமாக இருக்கின்றன.

ஆனால் வண்டியைக் கோத்து ரீசெட் அழுத்தியவுடன் ஜி.எஃப்.சி.ஐ. விழுந்து (துண்டித்துக்கொண்டு) விடுகிறது. வண்டிக்குள் எல்லா பிரேக்கர்களையும் அணைத்துவிட்டுத்தான் செருகினேன். வாட்டர் ஹீட்டர் சுவிட்சுகள் இரண்டும் அணைந்தே இருக்கின்றன. எதுவுமே ஓடாதபோது எது கசியும் என்று புரியவில்லை. கராஜின் உள்ளே ஜி.எஃப்.சி.ஐ. இல்லாத பழைய பாயிண்ட் ஒன்று இருக்கிறது. முகாம் தளத்தில் ஒன்றும் ஆகவில்லையே, இதில் செருகிப் பார் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். பார்க்கலாமா?

செம்புக்கம்பி, டெக்சஸ்

வேண்டாம். அந்தப் பாயிண்டில் செருகினால் ஒன்றும் விழாது, எல்லாம் வழக்கம்போல இயங்கும். ஆபத்து அப்படியே இருக்கும், அதைச் சொல்லும் கருவி மட்டும் இல்லாமல் போகும். முகாம் தளங்களின் 30 ஆம்பியர் இணைப்புக்குப் பொதுவாக ஜி.எஃப்.சி.ஐ. இருப்பதில்லை, அதனால்தான் செப்டம்பரில் உங்களுக்கு இது தெரியவில்லை. குறை அப்போதே இருந்திருக்கலாம்.

எல்லா பிரேக்கர்களையும் அணைத்த பிறகும் விழுகிறது என்பதுதான் இங்கே நல்ல துப்பு. வண்டியின் பிரேக்கர்கள் ஃபேஸை மட்டுமே துண்டிக்கின்றன. நியூட்ரல் கம்பிகள் எப்போதும் இணைந்தபடியேதான் இருக்கும். ஆகவே வண்டிக்குள் எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. வீட்டில் இவை இரண்டும் பிரதான மின்பலகையில் ஒரே இடத்தில் இணைகின்றன. மோட்டார்ஹோமின் பலகையில் அவை சேரவே கூடாது. சேர்ந்தால், நியூட்ரலில் திரும்ப வேண்டிய மின்சாரத்தின் ஒரு பகுதி எர்த் வழியாகவும் வண்டியின் உடல் வழியாகவும் திரும்பும். அந்த நிலையில் எர்த் எங்கேனும் அறுந்தால் என்ன ஆகும் என்பதை மிச்சிகன் நண்பர் விளக்கிவிட்டார்.

கண்டுபிடிக்கும் வழி இதுதான். ஷோர் கேபிளைச் சுவரிலிருந்து முழுவதும் எடுத்துவிடுங்கள். ஜெனரேட்டர் ஓடவில்லை என்பதையும் உறுதி செய்யுங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, கேபிள் பிளக்கின் எர்த் பின்னுக்கும் இரண்டு தட்டைப் பின்கள் ஒவ்வொன்றுக்கும் இடையே பாருங்கள். பிரேக்கர்கள் அணைந்திருக்கும்போது இரண்டிலுமே தொடர்பு இருக்கக் கூடாது. ஒன்றில் சில ஓம் காட்டினால் அதுதான் நியூட்ரல் கோளாறு. பிறகு வண்டியின் மின்பலகை மூடியைக் கழற்றி, வெள்ளைக் கம்பிகள் சேரும் பட்டையைப் பாருங்கள். அதற்கும் எர்த் பட்டைக்கும் இடையே பச்சைத் திருகோ உலோகத் தகடோ இருந்தால், வீட்டுப் பலகை என்று நினைத்து யாரோ போட்டிருக்கிறார்கள். அது நீங்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லையென்றால், மீட்டரை நியூட்ரல் பட்டைக்கும் எர்த்துக்கும் இடையே பிடித்தபடி வெள்ளைக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எந்தக் கம்பியை எடுத்ததும் தொடர்பு அறுகிறதோ, அந்தக் கம்பி போகும் சாதனத்தில்தான் குறை. என் அனுபவத்தில் முதல் சந்தேகம் வாட்டர் ஹீட்டர் மேல்தான்; எப்போதாவது காலித் தொட்டியில் ஓடியிருந்தால் எலிமெண்டின் உறை வெடித்து, உள்ளிருக்கும் சுருள் தொட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

பலகையைத் திறந்த கையோடு, ஓட்டத்தின் அதிர்வில் தளர்ந்த திருகுகள் இருந்தால் அவற்றையும் இறுக்கிவிடுங்கள். இந்த வேலையில் சற்றேனும் தயக்கம் இருந்தால் மோட்டார்ஹோம் பழுதுபார்ப்பவர் ஒருவரை அழையுங்கள். குறுகிய நேரத்தில் முடிக்கக்கூடிய வேலைதான்.

பிராம்ப்டன்வாசி

ஐயா, நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். கேபிள் பிளக்கில் எர்த்துக்கும் ஒரு தட்டைப் பின்னுக்கும் இடையே 2 ஓமுக்கும் குறைவாகக் காட்டியது. பலகையில் பச்சைத் திருகு எதுவும் இல்லை. வாட்டர் ஹீட்டரின் வெள்ளைக் கம்பியை எடுத்தவுடன் தொடர்பு அறுந்துவிட்டது. அதை எடுத்த நிலையில் வண்டியைச் செருகி ஏற்றத் தொடங்கலாமா? எலிமெண்ட் வர ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள்.

செம்புக்கம்பி, டெக்சஸ்

வெள்ளையை மட்டும் எடுத்துவிட்டுச் செருகாதீர்கள். கறுப்புக் கம்பி பலகையில் இன்னும் இருக்கிறது. யாரேனும் அந்தப் பிரேக்கரையும் சுவிட்சையும் போட்டுவிட்டால், நியூட்ரல் இல்லாததால் மின்சாரம் முழுவதும் வெடித்த எலிமெண்ட் வழியாகத் தொட்டிக்கும் வண்டியின் உடலுக்கும் பாயும். கறுப்பையும் பிரேக்கரிலிருந்து கழற்றி, இரண்டு முனைகளுக்கும் தனித்தனியே மூடி போட்டு, பலகைக்குள் ஒதுக்கி வையுங்கள். பிறகு பிளக்கில் ஓம் சோதனையை மீண்டும் செய்யுங்கள்; இரண்டு பின்களிலும் தொடர்பு இல்லையென்றால் பலகை மூடியைப் பொருத்தி, ஜி.எஃப்.சி.ஐ. பாயிண்டில் செருகி, ஏணியருகே டெஸ்டர் சோதனையை முடித்துவிட்டு ஏற்றத் தொடங்கலாம். வாட்டர் ஹீட்டரை எரிவாயுவில் இயக்குவதற்கு இந்தக் கம்பிகள் தேவையில்லை என்றாலும், தொட்டி காலியாக இருக்கும் வரை அதையும் தொட வேண்டாம்.

புதிய எலிமெண்டைப் பொருத்திய பிறகு தொட்டியை நிரப்பி, வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று விட்டு விட்டு வருவது நின்று தண்ணீர் ஒரே சீராக ஓடும் வரை காத்திருங்கள். அதன் பிறகே இரண்டு கம்பிகளையும் பலகையில் திரும்ப இணைத்து, சுவிட்சைப் போடுங்கள்.